மன்னார்குடில பேர்ப்பலகை இல்லாத தங்கவயல் மெஸ்: 3 ஸ்டார் போடலாம்னு போன கத

மொதல்லயே சொல்லிடறேன், இந்த மெஸ்ஸுக்கு பேர் கெடயாது. ஹரித்ராநதி தெப்பக்குளத்து கீழ்கரைலேர்ந்து உள்ள போற ஒரு சந்துல, சைக்கிள் ரிப்பேர் கடைக்கு அடுத்த ஓட்டு வீடு. வாசல்ல ஒரு கரும்பலகை தொங்கும், அதுல சாக்பீஸ்ல ஒண்ணு "களி உண்டு"ன்னு இருக்கும் இல்லன்னா "களி இல்லை"ன்னு இருக்கும், போர்டுன்னு பாத்தா அவ்ளோதான். கோலார் ஆத்தா கடை எதுன்னு கேட்டீங்கன்னா டீக்கடைல இருக்குற பசங்க கை காட்டுவாங்க.

நான் வேல பாக்குறது ஒரு பேங்க்ல நகைக்கடன் கவுண்டர்ல, அப்ரைசர். காலைல பத்து மணிலேர்ந்து செயினு வளையலு தோடுன்னு ஒரைகல்லுல தேச்சு தேச்சு கண்ணு பூத்துப் போயிடும். குறுவைக்கு ஒரு கூட்டம் வந்து வைக்கும், சம்பாவுக்கு ஒரு கூட்டம், தை மாசி அறுப்பு முடிஞ்சா அதே ஆளுங்க வந்து திருப்பிட்டு போவாங்க, போன வருஷம் வந்த அதே அட்டிகை அதே பைல வரும், எனக்கே அது அடையாளம் தெரியும். இத ஏன் சொல்றேன்னா அப்புறம் வருது.

மத்தியானம் டிபன் பாக்ஸ் மறந்துட்டு வந்த ஒரு நாள் கேஷியர்தான் சொன்னாரு, சந்துக்குள்ள ஒரு மெஸ் இருக்கு, கேழ்வரகு களி போடுறாங்கன்னு. நமக்கு களின்னா ஒண்ணு திருவாதிரை களி, இன்னொண்ணு ஜெயிலு களி, வேற எது தெரியும். வீட்டுக்கு போன் பண்ணி மத்தியானம் களி திங்க போறேன்னு சொன்னா "என்ன தப்பு பண்ணீங்க, எவ்ளோ கொறயுது"ன்னு கேக்குறா. பேங்க்ல வேல பாத்தா இந்த மாதிரி பேச்செல்லாம் கேக்கணும்.

சரி சாப்பாட்டுக்கு வர்றேன். போன மார்கழில மொத தடவ போனப்போ களி, பிதுக்குப்பருப்பு குழம்பு, ஒரு கருவாட்டு வறுவல், 80 ரூவா. பிதுக்குப்பருப்புன்னா என்னன்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு தெரியாது, எனக்கும் தெரியாது. அவரைக்கொட்டைய ராத்திரியே தண்ணில ஊறப்போட்டு, காலைல ஒவ்வொரு கொட்டையா எடுத்து கட்டைவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல வச்சு ஒரு அமுக்கு, பருப்பு தோல விட்டு வழுக்கிட்டு சட்டில விழுது, தோலு வெரல்லயே நிக்கிது. ஆத்தா வாசப்படில ஒக்காந்து இதத்தான் பண்ணிட்டு இருந்தாங்க, என்கிட்ட பேசிக்கிட்டே, குனிஞ்சு கூட பாக்கல, நான் எண்ணிப் பாத்தேன் ஒரு நிமிஷத்துக்கு அம்பதுக்கு மேல போவுது. குழம்பு தேங்கா அரைச்சு பட்டை சோம்பு போட்டு கெட்டியா, பருப்பு வாயில வச்சா வெண்ண மாதிரி கரையிது. களிய மெல்லக்கூடாது, கிள்ளி குழம்புல பொரட்டி அப்படியே முழுங்கணும்னு பக்கத்துல ஒக்காந்திருந்தவர் சொல்லிக் குடுத்தாரு, மொத உருண்ட தொண்டைல நின்னுச்சு, ரெண்டாவதுலேர்ந்து வழி தெரிஞ்சிடுச்சு. மூணு மணி வரைக்கும் பசிக்கலன்னு சொல்ல மாட்டேன், ராத்திரி எட்டு மணி வரைக்கும் பசிக்கல.

சோறும் உண்டு, சாம்பார் சுமார்தான், ரசம் நல்லாருக்கும். நம்ம தஞ்சாவூர் சாம்பார் எதிர்பாத்து போனா ஏமாந்துடுவீங்க, களி இல்லாத நாள்ல நான் போறதில்ல.

இப்ப கொற. எடம் சின்னது, ரொம்ப ரொம்ப சின்னது. சொவத்தோரமா ரெண்டு நீட்டு பலகை, பக்கத்துக்கு அஞ்சு பேரு, மொத்தம் பத்து பேரு ஒக்காரலாம், ஒக்காந்தா முழங்கை இடிக்கும். நடுவுல பரிமாறுறவர் போனா நம்ம முதுகுல அவரு வயிறு ஒரசும். ஒரே ஃபேன், அதுவும் கெழவன் இருமுற மாதிரி ஒரு சத்தம். கைகழுவ வெளில ஒத்தக் கொழாய், அதுக்கு ஒரு க்யூ. நான் கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன், "என்னங்க இது கோழிக்கூண்டு மாதிரி இருக்கு, இதுல எப்படி மனுசன் ஒக்காந்து சாப்புடுறது"ன்னு. மனசுக்குள்ள ரிவியூவே எழுதி முடிச்சுட்டேன், சாப்பாட்டுக்கு 5, எடத்துக்கு 1, சராசரி 3.

ஆத்தா கொட்டைய பிதுக்கிக்கிட்டே சொன்னாங்க. "தம்பி, நீங்க ஒக்காந்திருக்கீங்கல்ல இந்த ரூமு, பத்துக்கு பத்து. எங்க லைன் வீடு இதே அளவுதான். நாங்க பதினோரு பேரு இருந்தோம்."

லைன் வீடுன்னா கோலார் தங்கச் சொரங்கத்துல வேல பாத்தவங்களுக்கு கம்பெனி குடுத்த வரிசை வீடு. இப்ப ரூம்ல பத்து பேரு. எங்கள விட ஒரு ஆளு ஜாஸ்தி, அதுவும் படுத்துக் கெடந்திருக்காங்க.

அப்புறம் எந்திரிச்சு வந்து கைய காட்டி காட்டி சொல்ல ஆரம்பிச்சாங்க. நான் ஒக்காந்த மூலைலதான் அடுப்பு இருக்குமாம். ஃபேன் தொங்குற எடத்துல தூளி. கதவுக்கு பின்னாடி தண்ணிக் கொடம். எதிர் பலகை இருக்குற எடத்துல பாய். பாய் மடிக்கவே மாட்டாங்களாம், ஏன்னா அவங்க நைனா ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து படுக்கவும் சித்தப்பா பகல் ஷிஃப்டுக்கு எந்திரிச்சு போகவும் சரியா இருக்கும், சூடு ஆறாத பாயில அடுத்த ஆளு. பகல்ல தூங்குற ஆளு இருக்குற வீட்டுல புள்ளைங்க பேசக்கூட கூடாது, மழ பேஞ்சாலும் வெளிலதான். இந்த மெஸ்ஸுலயும் அதே பழக்கம்தான், பத்து பேரு சாப்ட்டு முடிச்சா "மொத ஷிஃப்ட் எந்திரிங்க, ரெண்டாவது ஷிஃப்ட் வாங்க"ன்னு அவங்க பேரன் குரல் குடுப்பான், நான் மொதல்ல ஏதோ காமெடின்னு நெனச்சேன்.

கோலார் தங்கவயல்னா தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. 1880ல ஜான் டெய்லர் அன் சன்ஸ்னு ஒரு இங்கிலீஷ் கம்பெனி வந்து எறங்குனதுலேர்ந்து 2001 பிப்ரவரி 28ல மூடுற வரைக்கும் 120 வருஷம் ஓடுன சொரங்கம். சாம்பியன் ரீஃப், மைசூர் மைன், ஊர்காம், நந்திதுர்க்கம்னு வரிசையா மைன்ஸ். தோண்டுன ஆளுங்க பெரும்பாலும் தமிழாளுங்க, வடஆற்காடு சேலம் பக்கத்துலேர்ந்தும் சித்தூர் பக்கத்துலேர்ந்தும் போனவங்க, அதுலயும் முக்காவாசி சொந்தமா நெலமில்லாத சேரி சனம். சாம்பியன் ரீஃப்ல 3 கிலோமீட்டருக்கு மேல கீழ போயிருக்காங்க. கேஜ்னா சொரங்கத்துக்குள்ள எறக்குற லிஃப்டு, நேரா ஒரே கேஜ்ல போக முடியாது, ஒண்ணுல எறங்கி நடந்து இன்னொண்ணுல ஏறி எறங்கணும். அடில பாறையே 60 டிகிரிக்கு மேல கொதிக்கும். ஃபேன் சரியில்லன்னு நான் சொன்னேன்ல, அதுக்கு ஆத்தா சொன்னது இன்னும் மறக்கல, "கீழ வேல நடக்கணும்னு மேல பெருசா மிஷின் வச்சு குளிருகாத்து அனுப்புவான் தம்பி, எங்க லைனுக்கு ஜன்னலே கெடயாது"ன்னாங்க.

தங்கவேட்டைன்னா நமக்கெல்லாம் கலிஃபோர்னியாதான் ஞாபகம் வரும், இல்லன்னா ஆஸ்திரேலியா. என் மச்சான் ஒருத்தன் மெல்போர்ன்ல இருக்கான், போன வருஷம் பல்லாரட்ல பழைய தங்கவேட்டை ஊரு மாதிரியே செட்டு போட்டு வச்சுருக்குற சாவரின் ஹில்லுக்கு புள்ளைங்களோட போயிட்டு ஃபோட்டோவா அனுப்பித் தள்ளிட்டான், ஓடைல சட்டிய வச்சு அலசி ரெண்டு தூளு தங்கம் எடுத்ததுக்கு அவ்ளோ அலப்பற. அதுல ஒரு ஃபோட்டோல கித்தான் கூடாரம், உள்ள மண்தர, ஒரு பொட்டி, அதுமேல கெட்டில். 1851ல அங்க தங்கம்னதும் உலகத்துலேர்ந்து சனம் குமிஞ்சு, குடும்பம் குடும்பமா இந்த மாதிரி கூடாரத்துலதான் கெடந்துருக்கு. வெயில்ல புழுதி, மழைல சேறு. மண்ணு அலசுற ஓடைலயே குடிக்க தண்ணி, அப்புறம் சீதபேதி வராம என்ன வரும், கைப்புள்ளைங்கதான் அதிகம் செத்துருக்கு. தங்கம் கெடச்சாலும் கெடக்கலன்னாலும் மாசம் 30 ஷில்லிங் லைசென்ஸ் கட்டணும், போலீஸ்காரன் குழிக்கு குழி வந்து லைசென்ஸ் கேப்பான். அதுலதான் கடுப்பாகி 1854 டிசம்பர்ல யுரேகாங்கற எடத்துல கட்டைய நட்டு வேலி போட்டு சண்டயே போட்டாங்க.

ஆத்தாகிட்ட அந்த கூடாரம் ஃபோட்டோவ காட்டுனேன். கண்ணாடிய ஏத்தி பாத்துட்டு "இது தேவல, எடுத்து சுருட்டிக்கிட்டு வேற ஊருக்கு போயிடலாம்ல"ன்னாங்க. எனக்கு சுருக்குன்னுச்சு. ஆமா, அவன் தோண்டுன தங்கம் அவனுக்கு, புடிக்கலன்னா கூடாரத்த சுருட்டிக்கிட்டு அடுத்த ஓடைக்கு போவான். இங்க வீடும் கம்பெனி வீடு, தங்கமும் கம்பெனி தங்கம். கைல ஒரு துண்டு தங்கக்கல்லு வச்சுருந்தா கேஸு, ஷாஃப்ட்லேர்ந்து மேல வந்தா தடவிப் பாத்துதான் விடுவாங்க. 1930ல எல்லா தொழிலாளியும் கைரேகை பதியணும்னு கம்பெனி சொன்னப்போ நாங்க என்ன திருடங்களான்னு மொத்த சனமும் வேலைய போட்டுட்டு வெளில வந்துருக்கு. ஆத்தாவோட தாத்தாவும் அதுல இருந்தாராம். நான் ஒரு நாளைக்கு நாப்பது பேரு கட்டைவெரல புடிச்சு மை தடவி பாரத்துல உருட்டுறவன், கேட்டதும் கைய பலகைக்கு கீழ வச்சுக்கிட்டேன்.

இன்னொண்ணு கவனிச்சேன். மெஸ்ஸுல எல்லா தட்டும் டம்ளரும் கவுத்து வச்சுருப்பாங்க, அதுக்கு மேல வெள்ளத்துணி, தண்ணிப்பானைக்கு மூடி அதுக்கு மேல இன்னொரு துணி, ஊறுகா ஜாடிக்கு கூட துணி கட்டிருக்கும். சுத்தத்துக்கு 5க்கு 5ன்னு போட்டேன். காரணம் கேட்டா, தங்கவயல்ல கல்ல மாவா அரைச்சு சயனைடு போட்டு தங்கத்த பிரிச்சுட்டு மிச்ச மண்ண மலை மலையா கொட்டி வச்சுருப்பான், இன்னிக்கும் அது அங்கதான் நிக்கிது, சயனைடு மேடும்பாங்க. காத்தடிச்சா அந்த மாவு அப்படியே கெளம்பி லைனுக்குள்ள வரும், சோத்துல நரநரன்னு கடிபடும், துவைச்சு காயப்போட்ட துணி சாம்ப கலர் ஆயிடும். லைன் வீட்டு சொவரும் பழைய காலத்துல மூங்கி தட்டிதான், மேல தகரம். தட்டில தூசி வராம நிக்குமா. அந்த பயத்துல வந்த பழக்கம் மன்னார்குடி வந்து இருபது வருஷம் ஆகியும் போகலங்கறாங்க. இங்க காத்தடிச்சா வர்றது ரைஸ்மில் தவிட்டுத்தூசிதான்.

அவங்க வீட்டுக்காரரு அந்த தூசியிலதான் போனாரு. வெளில மேட்டுலேர்ந்து வர்றது ஒரு பக்கம்னா, உள்ள பாறைல ட்ரில் போடறப்போ வர்ற தூசி நெஞ்சுல போயி உக்காந்துக்கும், சிலிக்கோசிஸ்னு பேரு, வந்தா திரும்பாது. பெருசா ஒண்ணும் சொல்லல, "மாடிப்படி ஏற முடியாது, எங்களுக்கு மாடி ஏது, வாசப்படியே ஏற முடியாது"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயி குழம்ப கெளறுனாங்க. அதே ஊருல துரைமாருக்கு தோட்டம் வச்ச பங்களா, க்ளப்பு, கோல்ஃப் மைதானம் எல்லாம் உண்டு, குட்டி இங்கிலாந்துன்னே அத கூப்புடுவாங்களாம்.

ரெண்டாவது தடவ போனப்போ நடந்தத எழுதலன்னா இந்த ரிவியூ முழுமையா இருக்காது. கோட்டூர் பக்கத்துலேர்ந்து ஒரு பெரியவர் வந்திருந்தாரு, கடைமட விவசாயி, எழுவது எழுவத்தஞ்சு இருக்கும். தண்ணி வரல, பயிரு காயிதுன்னு பேச்சு ஓடிட்டு இருந்துச்சு. ஆத்தா கோலார்னு தெரிஞ்சதும் மனுசன் களிய பாதில நிறுத்திட்டாரு. "ஒங்க தங்கத்துக்குதான்மா எங்க தண்ணிய மறிச்சானுங்க"ன்னாரு.

நான் அவரு ஏதோ ஒளறுறாருன்னுதான் நெனச்சேன், ஆனா விஷயம் நெசம். 1902லயே நம்ம காவேரி சிவசமுத்திரத்துல விழுற எடத்துல மின்சாரம் எடுத்து, அத சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து கொண்டுபோயி கோலார் தங்கவயலுக்குதான் மொதல்ல குடுத்தாங்க. பெங்களூருக்கே 1905லதான் லைட்டு. ஆனா கோடைல ஆத்துல தண்ணி கொறஞ்சா கரண்டும் கொறயும், சொரங்கம் நிக்கும். வருஷம் பூரா ஒரே சீரா தண்ணி விழணும்னா மேல ஒரு அணைய கட்டி தேக்கணும். கிருஷ்ணராஜசாகர் அணைய 1911ல ஆரம்பிச்சதுக்கு மண்டியா பக்கம் பாசனம் ஒரு காரணம்னா, இந்த தங்கவயல் கரண்டு இன்னொரு பெரிய காரணம். அதுக்குதான் மெட்ராஸ் அரசாங்கம் சண்ட போட்டு, பஞ்சாயத்து நடந்து, 1924ல ஒப்பந்தம் போட்டு, அந்த ஒப்பந்தத்துக்கு அப்புறம்தான் நம்ம மேட்டூரும் வந்துச்சு, 1934ல. பெரியவரோட தாத்தா காலத்து கோவம் அது, மூணு தலைமுறையா அப்படியே வந்துருக்கு.

ஆத்தா அமைதியா கேட்டுட்டு சொன்னாங்க, "ஐயா, எங்க ஆயா சொல்லும், பங்களாவுல லைட்டு எரியும், ஷாஃப்ட்ல லைட்டு எரியும், எங்க லைன்ல சிம்னி வெளக்குதான்னு. ஒங்க தண்ணி எங்க வீட்டுக்கு வரலைங்க." (ஆயான்னா அங்க பாட்டி. நம்ம பக்கம் அப்பாயி அம்மாயின்னு சொல்றத அவங்க ஆயாங்கறாங்க, அப்பாவ நைனாங்கறாங்க. மொத நாளு அந்த பேரன் "ஆயா, ரெண்டு களி"ன்னு கத்துனப்போ வேலைக்கார அம்மாவ கூப்புடுறான்னு நெனச்சேன்.)

பேரன் ஐடிஐ எலக்ட்ரீசியன் படிக்கிறான், அவன் வேற தண்ணி ஜக்க புடிச்சுக்கிட்டே நடுவுல பூந்துட்டான். "தாத்தா, டர்பைன்ல சுத்துன தண்ணி எங்கயும் போகாது, திரும்ப ஆத்துலதான் விழும், அது மேட்டூருக்குதான் வரும். தேக்கி வயலுக்கு திருப்புனதுலதான் கொறயுது." பெரியவர் அவன மொறச்சுட்டு "டேய் நீ படிச்சவன், எனக்கு ஜூன் 12ல மேட்டூர் தெறக்குமா தெறக்காதா, அத சொல்லு"ன்னாரு. அதுக்கு யாருகிட்ட பதில் இருக்கு. ஆத்தா அவரு தட்டுல இன்னொரு கரண்டி குழம்பு ஊத்துனாங்க, அவரும் வேணாம்னு சொல்லல. களிய முழுசா முடிச்சுட்டுதான் போனாரு, அதுக்கப்புறமும் ரெண்டு தடவ அவர அங்க பாத்துருக்கேன்.

பொம்பளைங்க சமைக்கிற விஷயத்துக்கு வர்றேன். 1849 கலிஃபோர்னியால லூசீனா வில்சன்னு ஒரு அம்மா, புருஷன் புள்ளைங்களோட மாட்டுவண்டில மாசக்கணக்கா வந்து சேந்தவங்க. அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டப்போ ஒரு தொழிலாளி வந்து அந்த ரொட்டிக்கு 5 டாலர் தர்றேன்னுருக்கான், அந்தம்மா தெகச்சுப் போயி பேசாம நிக்கவும், பத்தலபோலன்னு 10 டாலராக்கிட்டான். ஆம்பளைங்களா குமிஞ்சு கெடந்த ஊருல வீட்டுக்கை சமையலுக்கு அவ்ளோ ஏக்கம். அப்புறம் அவங்க பலகைய வாங்கி ஒரு மேஜைய தட்டி சாப்பாடு போட ஆரம்பிச்சு, புருஷன் ராத்திரி திரும்பி வந்து பாத்தா 20 பேரு ஒக்காந்து சாப்ட்டுட்டு இருக்கான், ஆளுக்கு 1 டாலர். தங்கம் தோண்டுன முக்காவாசி பேரு வெறுங்கையோட போனப்போ இந்தம்மா ஹோட்டலே நடத்துனாங்க. அதுவும் ஊரு மொத்தமும் தீப்புடிச்சப்போ சாம்பலாச்சு, அது வேற கத. கனடாவுல க்ளாண்டைக்னு ஒண்ணு, 1897-98ல, அங்க ஒரு வருஷத்துக்கு சாப்பாடு சாமான் இல்லாம எல்லைல போலீசே உள்ள விடல, ஆளுக்கு கிட்டத்தட்ட ஒரு டன்னு, மாவு பன்னிக்கறி பயறுன்னு பனி மலைல முதுகுல சொமந்து நாப்பது தடவ ஏறி எறங்கிருக்கானுங்க. எங்க போனாலும் சாமிக்கு அடுத்து பயறுதான் போல.

நம்ம ஆத்தா கதயும் கிட்டத்தட்ட அதே. வீட்டுக்காரர் நெஞ்சு விட்டுப்போனதும் லைன்ல ஷிஃப்டுக்கு போற ஒண்டிக்கட்டைங்களுக்கு களி கெளறி குடுத்து புள்ளைங்கள வளத்துருக்காங்க. மைன்ஸ் மூடுனதும் அந்த ஊரு ஆளுங்க பாதிப்பேரு விடியகாலைல மாரிகுப்பம் ட்ரெயின் புடிச்சு பெங்களூரு போயி வேல பாத்துட்டு ராத்திரி வந்து படுக்குறாங்க, இப்பவும். இவங்க பையன் லேத் வேல, மருமக மன்னார்குடி பொண்ணு, அப்படியே குடும்பத்தோட இங்க வந்துட்டாங்க. களிய இந்த சோத்து ஊருல எவன் திம்பான்னு மருமகதான் பயந்துச்சாம். இப்ப சர்க்கரை வியாதிக்காரன்லாம் க்யூல நிக்கிறான்.

ஒரு நாளு கூட்டம் இல்லாத நேரம் நான் என்ன வேல பாக்குறேன்னு கேட்டாங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "தம்பி, ஒரைகல்லுல தேச்சா அது எந்த ஊரு தங்கம்னு தெரியுமா?"ன்னாங்க. தெரியாதுங்க, எத்தன டச்சு, அதாவது எவ்ளோ சுத்தம், எவ்ளோ செம்புன்னுதான் தெரியும், உருக்கி உருக்கி எல்லாம் கலந்துடும்ல, ஊரு பேரெல்லாம் தெரியாதுன்னேன். "அப்போ அவரு ஒடச்சது ஒங்க கைக்கு வந்துருக்கலாம், வராமயும் இருந்துருக்கலாம்"னாங்க. நான் கவுண்டருக்கு வந்து சும்மா கணக்கு போட்டுப் பாத்தேன். 120 வருஷத்துல கோலார்ல எடுத்தது 800 டன்னுன்னு வச்சா பத்து கோடி பவுனு வருது. கடைசி காலத்துல ஒரு டன்னு கல்ல ஒடச்சாலே 3, 4 கிராம்தான் தேறுமாம், அப்படின்னா என் முன்னாடி அன்னிக்கு ஒரு அம்மா வச்ச அரைப்பவுன் மோதிரம் ஒரு டன்னு பாறை. பதினஞ்சு வருஷமா தேக்கிறேன், எடையா மட்டும்தான் பாத்துருக்கேன் அத.

சரி, போறவங்களுக்கு உபயோகமா சில விஷயம். மத்தியானம் 12 டு 3 மட்டும், 3 மணிக்கு கதவ சாத்துனா கலெக்டரே வந்தாலும் கெடயாது. பிதுக்குப்பருப்பு மார்கழி தை மட்டும்தான், மத்த மாசம் கருவாட்டுக் குழம்பு இல்லன்னா கீரக்கடசல், கீரக்கடசலும் பிரமாதம். செவ்வா கெழம கறி. ஜிபே உண்டு ஆனா அந்த சந்துல டவர் கெடயாது, சில்லற எடுத்துட்டு போங்க. கார் உள்ள போகாது, தெப்பக்குளத்துக்கிட்ட விட்டுட்டு நடக்கணும். பார்சல்ல களி வாங்காதீங்க, ஆறுனா கல்லு, நான் வாங்கி வீட்டுல ஏச்சு வாங்கினேன்.

ஸ்டார் விஷயம். ரூமு இப்பவும் சின்னதுதான், கொழாய் ஒண்ணுதான், ஃபேன் இருமிக்கிட்டுதான் இருக்கு, லைன் வீட்டுல பதினோரு பேரு இருந்தாங்கன்னு தெரிஞ்சதுக்காக என் முழங்கை இடிக்காம போயிடல, அதனால ஒரு ஸ்டார் கொறச்சு 4. ஆத்தாகிட்டயே அத சொன்னேன். "ஃபேன் மாத்துறேன் தம்பி, அடுத்த மாசம்"னாங்க. நேத்து போனேன், ஃபேன் மாறல, கரும்பலகைல "களி உண்டு", மொத ஷிஃப்ட்ல எடம் கெடைக்கல, ரெண்டாவதுலதான் ஒக்காந்தேன்.